பத்திரமும் பட்டமும்

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. புனித அந்தோனியார் நவநாள் முடிந்து மக்கள் கலைந்துவிட்டனர். கோவில்பிள்ளை மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தார். திருவுடைகளைக் களைந்து வெளியே வந்த எனக்காக, நம் பங்கைச் சேர்ந்த மூவர் வாயிற்படியில் காத்திருந்தனர்: தந்தை, தாய், மகள். தந்தை முப்பது ஆண்டுகளாக லேத் பட்டறையில் உழைப்பவர். தாய் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். மகள் கன்னியர் நடத்தும் கல்லூரியில் வரலாறு பயின்று முதல் வகுப்பில் தேறியவள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித் தருபவள். அவர்களுடைய இசைவைப் பெற்றே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வாசகர்களுக்கு வேண்டா.

தந்தையின் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது.

“தோத்திரம் சாமி. பாப்பாவுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டது. வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். நாளை மறுநாள் இந்தப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஓர் இரவு பீடத்தில் வைத்துச் செபித்துக் கொடுங்கள்” என்றார்.

பைக்குள் இருந்தது அவர் தகப்பனார் விட்டுச்சென்ற மூன்று சென்ட் வீட்டின் பத்திரம். அந்தக் குடும்பத்திற்கு வேறு சொத்து இல்லை.

மகள் படிக்க விரும்பியது அனைத்துலக உறவுகள் என்னும் முதுகலைப் படிப்பு. நாடுகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன, எவ்வாறு போரிடுகின்றன, எவ்வாறு உடன்படிக்கை செய்துகொள்கின்றன என்பதை ஆராயும் துறை அது. வாஷிங்டன் நகரில் ஈராண்டுப் படிப்பு. கட்டணத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்திருந்தது. எஞ்சிய கட்டணம், உணவு, உறையுள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 55 இலட்சம் ரூபாய் ஆகும் என்றார்கள். சேமிப்பு, தாயின் நகைகள், சித்தப்பா ஒருவர் தருவதாகச் சொன்ன தொகை ஆகியவை 15 இலட்சம். வங்கிக் கடன் 40 இலட்சம்.

நான் கையை உயர்த்தி ஆசீர் வழங்கியிருக்கலாம். குருக்களுக்கு அது எளிது. கேட்பவர்களுக்கும் அதுவே மகிழ்ச்சி. ஆனால் கை எழவில்லை. “சனிக்கிழமை மாலை வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். அதுவரை பத்திரம் உங்களிடமே இருக்கட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தந்தையின் முகம் வாடியது. மகளின் முகத்தில் கோபமே தெரிந்தது.

ஏன் தயங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். பதினோர் ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் இருந்தபோது, இதே போன்றதொரு குடும்பம் என்னிடம் வந்தது. பையன் நல்லவன், கெட்டிக்காரன். அவனும் வெளிநாட்டில் அரசியல் சார்ந்த முதுகலை படிக்க விரும்பினான். நான் எதையும் கேட்கவில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தேன். அந்த ஞாயிறன்றே, ஆழத்திற்குப் படகைச் செலுத்தும்படி ஆண்டவர் சீமோனை அழைத்ததைப் பற்றி மறையுரை ஆற்றி, அவனை மனத்தில் வைத்தே, துணிந்து செல்லும் இளைஞரைப் பாராட்டினேன். அவன் சென்றான், படித்தான், பட்டமும் பெற்றான். விசாக் காலம் முடிவதற்குள் அந்த நாட்டில் வேலை அமையவில்லை. திரும்பி வந்து சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தான். சம்பளம் தவணைக்கும் போதவில்லை. நான்காம் ஆண்டில் வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள். இன்று அவன் தந்தை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலர். என்னைக் காணும்போது இன்றும் எழுந்து நின்று கை கூப்புகிறார். ஒரு நாளும் அவர் என்னைக் குறை கூறியதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

சீமோன் ஆழத்திற்குச் சென்றது தன் சொந்தப் படகில் அன்றோ? அந்தப் படகு எவரிடமும் அடகில் இருந்ததாக நற்செய்தியில் இல்லை. அதே லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மற்றோர் உவமையும் கூறுகிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவன், முடிப்பதற்குப் போதிய பொருள் தன்னிடம் உண்டா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்கிறார். சீடராவதன் விலையைப் பற்றிச் சொன்ன உவமைதான் அது. எனினும், கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்றால் ஆண்டவர் அதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கமாட்டார்.

மற்றொன்றையும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். கடனைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? பள்ளி முடித்துக் குருமடம் புகுந்தேன். மெய்யியலும் இறையியலும் பயின்ற ஆண்டுகளில் கட்டண அறிவிப்பு என்று ஒன்று என் கைக்கு வந்ததே இல்லை. என் படிப்பிற்குப் பணம் தந்தவர்கள், ஞாயிறு காணிக்கைத் தட்டில் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை போட்ட தாய்மார்கள். மாதத் தவணை என்பது எத்தகைய சுமை என்பதை நான் தோளில் தாங்கி அறிந்தவனல்லன். எனவே, நம் பங்கில் பொதுத்துறை வங்கியொன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைச் சனிக்கிழமை உடன் வருமாறு அழைத்தேன்.

அவர் ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். முதலில், பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை விளக்கினார். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓய்வெடுப்பதில்லை. பணம் கைக்கு வந்த நாள் முதல் அது ஏறிக்கொண்டே இருக்கும். ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு வேண்டும். பெற்றோரும் இணைக் கடனாளிகளாகக் கையெழுத்திட வேண்டும். அதாவது, மகள் கட்டாவிட்டால் கட்டவேண்டியவர் தந்தை.

பிறகு அவர் கணக்குப் போட்டார். வட்டி நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் 20 இலட்சம், இரண்டாம் ஆண்டில் 20 இலட்சம் பெறுகிறாள். முதல் 20 இலட்சத்திற்கு மூன்றாண்டுத் தனிவட்டி 6 இலட்சம். அடுத்ததற்கு ஈராண்டு வட்டி 4 இலட்சம். முதல் தவணை கட்டும் நாளில் 40 இலட்சம் 50 இலட்சமாகி நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் தீர்க்க மாதந்தோறும் ஏறக்குறைய 66,000 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் தீர்ப்பதென்றால் மாதம் 53,700 ரூபாய். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 96 இலட்சத்தைத் தாண்டியிருக்கும்.

தாய் அந்த எண்ணை மெல்ல உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். தையல் கூலியில் அது எத்தனை சட்டை என்று எண்ணினாரோ என்னவோ!

மகள் ஆயத்தமாகவே வந்திருந்தாள். “ஃபாதர், நான் வருமானத்தையும் பார்த்துவிட்டேன்” என்று சில தாள்களை எடுத்து வைத்தாள். அமெரிக்கக் கல்வித்துறை ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற பெயரில் வெளியிட்டுவரும் விவரங்களிலிருந்து எடுத்த அட்டவணைகள் அவை. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பைப் படித்தவர்கள் எவ்வளவு கடன்பட்டார்கள், சில ஆண்டுகள் கழித்து எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதை அருகருகே வைத்துக் காட்டும் நல்ல முயற்சி. அவள் தேர்ந்த கல்லூரிகளில் வருமானத் தட்டு கடன் தட்டைவிடக் கனமாகவே தெரிந்தது.

ஓய்வுபெற்ற மேலாளர் தாள்களை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அம்மா, தராசு சரியானதே. ஆனால் இதில் நிறுத்தது யாரை?”

அப்பொழுதுதான் நானும் கவனித்தேன். அந்த வருமான விவரங்கள், அமெரிக்கக் கூட்டரசின் கல்வி உதவி பெற்ற மாணவர்களைப் பற்றியவை. விசாவில் சென்று படிக்கும் அயல்நாட்டு மாணவர் அந்த உதவியைப் பெற முடியாது. எனவே நம் ஊர்ப் பெண் அந்தத் தராசின் எந்தத் தட்டிலும் இல்லை. மேலும், படித்து முடித்து வேலையில் இருப்பவர்களின் வருமானமே அதில் கணக்கிடப்படுகிறது. வேலை கிடைக்காதவர் கணக்கில் வருவதில்லை. காட்டப்படும் தொகை நடுவில் நிற்பவருடையது. 101 பேரை வருமான வரிசையில் நிறுத்தினால், 51-ஆம் ஆள் பெறுவது அது. அவருக்குக் கீழே 50 பேர் நிற்கிறார்கள். ஒரே வீட்டை ஈடு வைக்கும் குடும்பம், அந்த 50 பேரில் ஒருவராக நம் பிள்ளை நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடனும் ஒரே கடனன்று. அமெரிக்க மாணவர் கூட்டரசிடம் பெறும் கடனை வருமானத்திற்கேற்பக் கட்டும் வழிகள் உண்டு. அரசுப் பணியிலோ இலாபநோக்கற்ற தொண்டு நிறுவனத்திலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணைகளை முறைப்படி கட்டினால், எஞ்சியதைத் தள்ளுபடி செய்யும் சட்டம் 2007-ஆம் ஆண்டிலேயே வந்தது. அதாவது, குறைந்த ஊதியத்தில் பொதுநலப் பணி செய்யும் அமெரிக்கருக்கு வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு உண்டு. நம் பிள்ளை நம் ஊர் வங்கியில் பெறும் கடனில் அப்படிப்பட்ட கயிறு இல்லை. சம்பளம் 30,000 ஆனாலும் மூன்று இலட்சம் ஆனாலும் தவணை அதே 66,000. அந்தக் கயிறு உள்ள நாடே இப்பொழுது அஞ்சத் தொடங்கிவிட்டது. 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 2026 சூலை முதல் நாளிலிருந்து புதிதாகக் கடன் பெறும் முதுகலை மாணவர்களுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டிற்கு 20,500 டாலர், மொத்தம் ஓர் இலட்சம் டாலர் என்று வரம்பு கட்டியது.

அடுத்து, வேலை. இந்தப் படிப்பு எந்த வேலைகளுக்காக ஏற்பட்டதோ அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். முதலாவது, தூதரகப் பணி. அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்; நம் பெண்ணிற்கு அந்தக் கதவு அடைப்பு. நம் நாட்டின் வெளியுறவுப் பணிக்கோ குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும். அதற்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும், அவள் பெற்றுள்ள வரலாற்றுப் பட்டமே போதும். 2016-இல் நடைமுறைக்கு வந்த 7-ஆவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி, புதிதாகச் சேரும் வெளியுறவுப் பணி அதிகாரியின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். அகவிலைப்படி முதலியவை தனி. நாட்டின் தூதராகத் தகுதி பெற்றவரின் முதல் அடிப்படை ஊதியமும், பதினைந்து ஆண்டுக் கடனின் மாதத் தவணையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைக் கண்டு எல்லாருமே சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

இரண்டாவது, ஐக்கிய நாடுகள் அவை. அதன் செயலகத்தில் பயிற்சிப் பணி செய்வோருக்கு ஊதியம் இல்லை. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தச் செலவில் தங்க வேண்டும். 32 வயதிற்கு மேற்படாதோர் எழுதும் இளம் அலுவலர் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு இளங்கலைப் பட்டமே போதும். மூன்றாவது, வளர்ச்சித் தொண்டு நிறுவனங்கள். 2025 சனவரியில் அமெரிக்கா தன் அயல்நாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அவ்வுதவியைப் பல்லாண்டுகளாக வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் பணிகள் சூலை முதல் நாளோடு முடித்துக்கொள்ளப்பட்டன. அதே சூலையில் வெளியுறவுத் துறையிலும் 1,300-க்கு மேற்பட்டோருக்குப் பணிநீக்க அறிவிப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவற்றில் பாதிதான் நடந்திருந்தது. பட்டறிவுள்ள அலுவலர் பலர் வேலை தேடி நின்ற நகரில், புதுப் பட்டதாரியான அயல்நாட்டுப் பெண்ணும் போட்டியிட வேண்டியிருக்கும்.

அதற்கும் காலவரையறை உண்டு. படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் பயிற்சி வேலை செய்ய மாணவ விசாவில் 12 மாதம் இசைவு தருகிறார்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் பயின்றவர்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். அனைத்துலக உறவுகள் படிப்பு பொதுவாக அந்தப் பட்டியலில் சேராது. ஆகவே, பொறியியல் படிக்கச் சென்ற அடுத்த தெருப் பையனுக்குக் கிடைத்த மூன்றாண்டு அவகாசத்தை இவளுக்கும் உண்டென்று பெற்றோர் எண்ணியிருந்தது பிழை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், கடைசியில் கண் கலங்கிக் கேட்டாள்: “அப்படியானால் உலக அமைதியைப் பற்றிப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் படிக்க வேண்டுமா ஃபாதர்? எங்களுக்கு நர்சிங்கும் ஐ.டி.ஐ.யும்தானா?”

தவக்காலம் முழுதும் நான் கேட்ட மறையுரைகளில், நான் ஆற்றியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், இவ்வளவு தைத்தது வேறொன்றில்லை. அவள் கேட்டது நியாயம். அந்தத் துறையை நான் பழித்துவிடக்கூடாது. முதல் உலகப் போரின் புண் ஆறுமுன், 1919-ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இத்துறைக்கென முதல் பேராசிரியர் இருக்கை ஏற்பட்டது. அதே ஆண்டில் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுப் பணிப் பள்ளியைத் தொடங்கியவர் எட்மண்ட் வால்ஷ் என்னும் இயேசு சபைக் குரு. 1922-இல் உரஷ்ய நாடு பஞ்சத்தில் தவித்தபோது, திருத்தந்தையின் நிவாரணப் பணியை முன்னின்று நடத்தியவரும் அவரே. நாடுகளுக்கிடையே பேசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், பசித்த வாய்களுக்கு ரொட்டி போய்ச் சேரும்.

அவளுடைய கேள்விக்கு விடை தேடியபோது இருவர் என் நினைவிற்கு வந்தனர். ஒருவர் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர். வட இத்தாலியில் குத்தகை நிலத்தை உழுத குடும்பத்தின் மகன். 1925-ஆம் ஆண்டு தொடங்கிப் பல்கேரியா, துருக்கி, கிரேக்கம், பிரான்சு நாடுகளில் திருத்தந்தையின் தூதுப்பணியில் இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 1962-இல் கியூபா நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்பிற்குச் சென்று மீண்டபின், 1963-இல் உலக அமைதியைப் பற்றிச் சுற்றுமடல் வரைந்து நல்மனம் கொண்ட எல்லாருக்கும் அனுப்பியவர். மற்றவர் நம் குடியரசுத் தலைவராயிருந்த கே. ஆர். நாராயணன். கேரளத்தில் வறுமை மிக்க, ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1945-இல் டாட்டா உதவித்தொகை பெற்று லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் அரசியல் பயின்றார். 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1976-இல் சீனத்திற்குத் தூதராகச் சென்றார். 1997-இல் நாட்டின் முதல் குடிமகனானார்.

இருவரும் ஏழைகள். இருவரும் உலக நாடுகளைப் பற்றிக் கற்றவர்கள். அவர்கள் கல்விக்காகத் தகப்பனின் கூரை ஈடாகவில்லை; பிறர் கை கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை இதைப் படிக்கலாமா என்பது ஒரு கேள்வி. தகப்பனின் வீட்டை வைத்துப் படிக்கலாமா என்பது மற்றொரு கேள்வி. பதினோர் ஆண்டுகளுக்கு முன் நான் அவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை மகளும் அவற்றை ஒன்றாக எண்ணியே அழுதாள்.

“படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அம்மா. வழியைத்தான் மாற்றிப் பார்ப்போம்” என்றேன்.

வழி இல்லாமல் இல்லை. தில்லியில் 1955-இல் தோன்றி, 1970-இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த அனைத்துலக ஆய்வுப் பள்ளி இருக்கிறது. அங்கு முதுகலைக்குப் பயிற்சிக் கட்டணம் ஆண்டிற்குச் சில நூறு ரூபாய்தான். விடுதிச் செலவும் உணவுச் செலவும் வேறு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அரசியலும் அனைத்துலக உறவுகளும் சேர்ந்த முதுகலை உண்டு. இவற்றிற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிறகு வெளிநாடு செல்ல விரும்பினாலும், பிரிட்டிஷ் அரசு வழங்கும் செவனிங் உதவித்தொகை கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்கிறது. ஈராண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்தபின் ஈராண்டேனும் தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் நடத்திவரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையும் உண்டு. இவை எல்லாருக்கும் கிடைப்பவையல்ல. கிடைக்காவிட்டால் ஓராண்டு வீணாகலாம். ஆனால் வீடு போகாது.

மகள் அன்று ‘சரி’ என்று சொல்லவில்லை. தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிற்கும் வரவில்லை. நான் ஒரு பெண்ணின் சிறகை ஒடித்துவிட்டேனோ என்று அந்த இரண்டு வாரமும் எனக்கு உறக்கம் சரியாக இல்லை. கடன்பட்டவன் கெட்டதைக் கண்டிருக்கிறேன். கடனுக்கு அஞ்சி வாய்ப்பை இழந்தவன், எந்த வாய்ப்பை இழந்தான் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதுவும் ஓர் இழப்பே. அறிவுரை சொல்பவன் இரண்டு பாரத்தையும் சுமக்க வேண்டியவன்.

பல்கலைக்கழகத்திற்கு முன்பணம் கட்டும் கடைசி நாள் கடந்த பிறகு அவள் வந்தாள். “நானே திரும்பக் கணக்குப் போட்டேன் ஃபாதர். என் சம்பளம் 40,000 என்று வைத்துப் பார்த்தேன். அப்பாவுக்கு இப்போது 57 வயது. பதினைந்து ஆண்டுத் தவணை என்றால் அப்பாவுக்கு 75 ஆகிவிடும்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கன்னியர் பள்ளியில் ஓராண்டு ஆசிரியப் பணி கிடைத்தது. மாலை நேரங்களில் நுழைவுத் தேர்விற்குப் படித்தாள், தேர்வையும் எழுதிவிட்டாள். அவள் தூதராவாளா, ஆசிரியையாகவே இருப்பாளா என்பதை ஆண்டவர் அறிவார்.

வாசக அன்பர்களே, உங்கள் பிள்ளையும் இதே போன்றதொரு கடிதத்தோடு உங்கள் முன் வந்து நிற்கலாம். அன்று நாங்கள் கேட்டுக்கொண்டவற்றை நீங்களும் கேட்டுப் பாருங்கள். முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவாகி நிற்கும்? அந்தத் தவணையை அந்த நாட்டுச் சம்பளத்தோடு மட்டுமன்றி, திரும்பி வந்தால் நம் நாட்டில் கிடைக்கக்கூடிய சாதாரணச் சம்பளத்தோடும் ஒப்பிட்டீர்களா? காட்டப்படும் வருமானம் யாருடைய வருமானம்? படித்து முடித்தபின் அந்த நாட்டில் எத்தனை மாதம் இருக்க விடுவார்கள்? அந்தப் படிப்பிற்குரிய வேலை அயல்நாட்டவருக்குத் திறந்திருக்கிறதா? பிள்ளையால் கட்ட முடியாமற்போனால் வயதான யாருடைய தோளில் சுமை விழும்? இவற்றிற்கு விடை கண்டபின் கடன் வாங்குவது தகும் என்று தெரிந்தால், அஞ்சாமல் வாங்குங்கள். தாங்கக்கூடிய கடன் பாவமன்று. பல வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது கல்விக் கடன்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

நம் பங்கில் இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், அந்த ஓய்வுபெற்ற மேலாளர் தம் கணக்கு நோட்டோடு பங்கு இல்லத் திண்ணையில் அமர்கிறார். கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் எவரும் சென்று கேட்கலாம். இதுவரை பதினான்கு குடும்பங்கள் வந்திருக்கின்றன. சிலருக்குக் ‘கடன் வாங்கு’ என்றே சொல்லியிருக்கிறார். மற்ற பங்குகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அழைத்து உட்கார வைப்பதே பாக்கி. இரவுக் காவலராயிருக்கும் அந்தத் தந்தையையும் சென்று கண்டேன். அன்று நான் கேட்கத் தவறியதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மகன் நல்லவனாக இருக்கிறான் சாமி, அது போதும்” என்றார். மன்னித்தார் என்றே கொள்கிறேன்.

மஞ்சள் பையை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பாஸ்காவிற்குப் பின் வந்த செவ்வாய்க்கிழமை அந்தத் தந்தை மீண்டும் அதைக் கொண்டு வந்தார். ஓர் இரவு பத்திரம் பீடத்தில் இருந்தது. காலைத் திருப்பலி முடிந்ததும் அவர் அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, பட்டறைக்குப் போகும் வழியில் வீட்டில் கொடுத்துவிட்டுச் சென்றார்.